களிம்பு, கறுப்பு, வெட்டு: பழைய காசு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் கறுத்த வெள்ளியைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று ஊரைச் சுற்றிக் கொலுசுப் பட்டறைகள். மெருகு போடத் தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ உறவில் எப்படியும் இருப்பார். கொலுசுக்கு அந்த மெருகு அழகு. பழைய காசுக்கு அதுவே கேடு. பரண் சுத்தம் செய்யும்போதும், பாகம் பிரிக்கும்போதும், பாட்டி காலமான பிறகு பெட்டியைத் திறக்கும்போதும் கிடைத்த காசுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தேய்ப்பதற்கு முன்பே கண்ணில் படட்டும் என்று, அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதி வைக்கிறேன்.

டிரங்குப் பெட்டியில் விக்டோரியா ராணி ரூபாய் நாலு இருந்தது. மூன்று கறுத்துவிட்டது, ஒன்று மட்டும் நீலமும் ஊதாவுமாக மின்னுகிறது. வெள்ளிதானா?

கறுப்பது வெள்ளியின் இயல்பு. காற்றில் துளியளவு இருக்கும் கந்தக வாயு மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது வெளிர் மஞ்சள். கொஞ்சம் தடித்தால் பழுப்பு, செம்மை, ஊதா, நீலம். நன்றாகத் தடித்தபின் கரும்பழுப்பு, கறுப்பு. மழை நின்றபிறகு ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுகிறதே, அதே ஒளி விளையாட்டுதான் இங்கேயும். உங்கள் நீல ரூபாய்க்கும் கறுத்த ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு, பெட்டிக்குள் எது எதன்மேல் கிடந்தது, எதற்கு எவ்வளவு காற்று பட்டது என்பதுதான். சேகரிப்பாளர்கள் இதை டோனிங் என்பார்கள். அழகாக ஏறியிருந்தால் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்க மாட்டார்கள்.

இயற்கையாக ஏறிய நிறம் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி நகரும். ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குப் படிப்படியாகப் போகும். எழுத்துகளின் அடிவாரத்தில், விரலும் துணியும் எட்டாத இடத்தில், கொஞ்சம் அடர்ந்திருக்கும். என்னிடம் 1907ஆம் வருடத்து எட்வர்டு ரூபாய் ஒன்று இருக்கிறது. மன்னரின் கன்னத்துக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு கறுப்புப் பட்டை. யாரோ ரூபாய்களை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த தடம் அது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். அந்தக் கந்தகம் வெள்ளியில் இறங்கிவிட்டது.

வெள்ளிதானா என்பதற்கு எடை பாருங்கள். 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. நன்றாகப் புழங்கிய காசு சற்றுக் குறையலாம். தயவுசெய்து உரைகல்லில் உரசாதீர்கள். டச் (வெள்ளியின் தரம்) பார்க்கிறேன் என்று விளிம்பை உரைத்த ரூபாய்கள் நம் ஊரில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பதிலாக, மில்லிகிராம் காட்டும் தராசில் ஒரு கிண்ணம் டிஸ்டில்டு வாட்டரை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியில் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 1.13 கிராமை ஒட்டிக் காட்டினால் அந்தக் கால வெள்ளியின் அடர்த்தி சரியாக இருக்கிறது. பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம்.

செயற்கையாக நிறம் ஏற்றி விற்கிறார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

கீறலைப் பாருங்கள். காசில் எப்படியும் ஒரு கீறலாவது இருக்கும். பழைய கீறலுக்குள் நிறம் மெதுவாக வந்து படிந்திருக்கும். புதுக் கீறல் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். அவை இரண்டும் இயல்பு. ஆனால் தேய்த்த கோடுகள் ஆயிரம் தெரிகிற பரப்பின்மேல், மஞ்சள், பழுப்பு என்ற வரிசையே இல்லாமல் திடீரென்று மயில் நீலமும் ரோஜா நிறமும் திட்டுத்திட்டாக வந்திருந்தால், கழுவிய காசுக்குப் பூசிய நிறம் என்றே நினைக்கலாம்.

கொலுசுக்குப் போடுவதுபோல மெருகு போட்டால் என்ன? பூந்திக்கொட்டைத் தண்ணீர் மிருதுவானதுதானே?

இதற்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவிடம் 1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று இருந்தது. அந்த வருடத்து ரூபாய்க்குத் தனிக்கதை உண்டு. மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு குட்டி யானை இருக்கும். அதன் தும்பிக்கை குட்டையாகச் செதுக்கப்பட்டதால் பார்க்கப் பன்றிபோல இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். இன்றும் அதைப் 'பன்றி ரூபாய்' என்றுதான் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது, பொங்கலுக்கு வெள்ளிச் சாமான்களை மெருகுக்குக் கொடுத்த பையில் அந்த ரூபாயும் சேர்ந்து போய்விட்டது. கண்ணாடிபோலத் திரும்பி வந்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பல வருடம் கழித்து லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது: அரிசிமணியில் பாதிகூட இல்லாத அந்த உருவத்தின் தும்பிக்கையும் வாலும் மழுங்கி ஒரே மேடாகிவிட்டன. யானையா பன்றியா என்று சொல்லவே முடியாது. பட்டறைக்காரர் மீது தவறில்லை. கொடுத்ததை அவர் தன் தொழிலுக்கு உரிய முறையில் செய்தார்.

மெருகு என்பது உலோகத்தின் மேல்தோலை எடுப்பது. பூந்திக்கொட்டை நுரை மென்மைதான்; கூடவே போகிற பித்தளைக் கம்பி பிரஷ் மென்மையில்லை. விபூதி, பற்பசை, சபீனா, எல்லாமே பொடியால் சுரண்டும் வேலை. கறுப்பை எடுக்கும் வெள்ளி டிப் திரவம் சுரண்டாது. ஆனால் சல்பைடாக மாறிப்போன வெள்ளியைக் கரைத்துக்கொண்டு போய்விடும், நாணயச்சாலையிலிருந்து வந்த பளபளப்பும் அதோடு போகும். தேய்த்த காசைக் கண்டுபிடிப்பது எளிது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்புங்கள். அதிகம் புழங்காத, தேய்க்காத காசில் ஒளி சக்கரம்போலச் சுழலும். தேய்த்த காசில் தலைமுடிபோன்ற கோடுகள் ஒரே திசையில் ஓடும், ஒளி நகராமல் மொத்தமாக அடிக்கும்.

செப்புக் காசில் பச்சை ஏறியிருக்கிறது. களிம்பா, வேறு ஏதாவதா?

எல்லோரும் அதிகம் கேட்பது இதைத்தான், அதிகம் கவனிக்க வேண்டியதும் இதைத்தான்.

பச்சையில் நல்லது உண்டு, பொல்லாதது உண்டு. பல காலம் மண்ணில் கிடந்த செம்பில் அடியில் செம்பழுப்பு, அதன்மேல் கரும்பச்சை எனக் கெட்டியான, வழவழப்பான படலம் உருவாகும். பல் குச்சியின் முனையால் தொட்டால் நகராது. அது காசுக்குக் கவசம். சோழர் செப்புக் காசுகளில் நிற்கும் அரசன் உருவம் தெளிவாகத் தெரிவதே பல நேரம் அந்தப் படலத்தில்தான். அதைச் சுரண்டினால் உருவமும் சேர்ந்து போய்விடும்.

பொல்லாதது வேறு மாதிரி. வெளிர் பச்சை, கிட்டத்தட்ட பிஸ்தா நிறம். மாவுபோல இருக்கும், குச்சியால் தொட்டால் உதிரும், உதிர்ந்த இடத்தில் குழி தெரியும். துடைத்து வைத்தால் சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் பூக்கும். இதைத்தான் வெண்கல நோய், ஆங்கிலத்தில் bronze disease, என்கிறார்கள். மண்ணிலிருந்தோ வியர்வையிலிருந்தோ உப்பின் குளோரைடு காசுக்குள் இறங்கிச் செம்போடு சேர்ந்திருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் அது பச்சைப் பொடியாக மாறும். மாறும்போது அமிலத்தையும் வெளிவிடும். அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும். ஈரம் இருக்கிறவரை இந்தச் சுழற்சி நிற்காது.

இரண்டு வருடம் முன்பு ஏற்காட்டிலிருந்து ஒருவர் திப்புவின் யானைக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பாரமகால் சீமை முழுதும், நம் சேலமும் சேர்த்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடுதான் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது; அதற்கு முன் இங்கே மைசூர்ச் செம்பு புழங்கியது, அதனால் யானைக் காசு நம் பக்கத்து வீடுகளில் இருப்பதில் அதிசயமில்லை. இந்தக் காசில் யானையின் முன்னங்காலடியில் கடுகளவு நாலு பச்சைப் புள்ளிகள். கீழே சேலத்தில் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை என்றார். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் துவைத்த துணியே நாள்கணக்கில் காயாத வீட்டில், மர அலமாரிக்குள் ஒரு பருவம் இருந்திருக்கிறது. அவ்வளவுதான், புள்ளிகள் விழித்துக்கொண்டன.

நோய் கண்ட காசை முதலில் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் தூங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, உப்பை மெல்ல வெளியேற்றுவது ஒரு வழி. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், பிறகு நன்றாக உலர வேண்டும். அரிய காசாக இருந்தால் அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் களிம்பு வராது என்கிறார்களே?

பூஜை அறைக் குத்துவிளக்கைப் பாருங்கள். எண்ணெய் தேங்குகிற குழியில்தான் பச்சை பிடித்திருக்கும். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பைத் தின்கிறது. காசிலும் அதேதான் நடக்கும்.

புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது ரோஸ் நிறமாக இருக்கிறது.

புளியின் அமிலம் மேற்படலம் முழுவதையும் கரைத்துவிட்டது. நீங்கள் பார்ப்பது படலம் போன வெறும் செம்பு, தோலுரித்த சதை மாதிரி. 1835ஆம் வருடத்துக் கம்பெனி காலணா எதுவும் இந்த நிறத்தில் இயற்கையாக நம் காலம்வரை வந்து சேராது, அதனால் பார்த்தவுடன் யாரும் சொல்லிவிடுவார்கள். அமிலம் மிச்சமிருந்தால் இன்னும் கெடும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, உலர்த்தி, அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி பழுப்பாகும், ஆனால் வருடங்கள் ஆகும்.

ஆல்பத்தில் வைத்த காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

குற்றவாளி ஆல்பம்தான். வளைந்து கொடுக்கிற, புது ரெயின்கோட் வாசனை அடிக்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் வெயிலில் கசிந்து காசில் படியும். பிவிசி சிதையும்போது வருகிற அமிலமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகர பீரோவுக்குள், இது சீக்கிரமே நடக்கும். சுத்தமான அசிட்டோன் இந்தப் பிசினைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னல் திறந்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிறகு மைலார் (தெளிவான பாலியெஸ்டர் தாள்) ஒட்டிய அட்டை ஹோல்டருக்கு மாற்றுங்கள்.

வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்த வெள்ளிக் காசு மஞ்சளாகிவிட்டது.

அந்த முடிப்பை நிறைவேற்றிய பிறகு காசைப் பற்றி யோசிக்கலாம். வேண்டுதலை முதலில் செலுத்துங்கள். கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட காசு என்றால், மஞ்சள் நிறம் தண்ணீரில் போகாது, அசிட்டோனில் கரையும். குங்குமத்தோடு சேர்ந்திருந்தால் சிவப்புக் கறையும் இருக்கும். துணியில் ஈரமாகவே முடிந்திருந்தால் அடியில் கறுப்பும் வந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். துணியின் நெசவுத் தடம் பதிந்த ஒரு நாலணாவை நான் பார்த்திருக்கிறேன். அதை நான் ஒருபோதும் துடைக்க மாட்டேன்.

காசில் உளி வெட்டு, ஓட்டை, கொக்கி தடம் இருக்கிறது. மதிப்பு போய்விட்டதா?

விலை குறையும். ஆனால் எந்தக் காயம் என்று பார்க்காமல் ஒதுக்கக் கூடாது. முகலாயர், கம்பெனி ரூபாய்களில் சின்னச்சின்ன முத்திரைக் குத்துகள் இருக்கும். உள்ளே வெள்ளிதானா என்று சராபுகள் (காசு மாற்றும் வணிகர்கள்) சோதித்துக் குத்தியவை. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையலில் 501 காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே வேண்டுமென்றே போட்ட உளி வெட்டு இருந்தது. இப்படிப்பட்ட வெட்டு வரலாற்றின் கையெழுத்து.

காசுமாலையில் இருந்து கழற்றிய காசு நம்மிடம் ஏராளம். மேல்விளிம்பில், மன்னரின் தலைக்கு நேர் மேலே, பற்று வைத்த திட்டு தெரியும். அங்கே நிறம் மற்ற இடத்தைவிட மஞ்சளாகவோ சாம்பலாகவோ மாறியிருக்கும். கவனிக்க வேண்டியது அடைத்த ஓட்டை. நம் ஊர் வெள்ளி வேலைக்காரர்களின் கை அப்படி, ஓட்டையை அடைத்து எழுத்தையும் செதுக்கிவிடுவார்கள். லென்ஸில் எழுத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள்: அச்சில் விழுந்த எழுத்தின் ஓரம் வழிந்து இறங்கும், செதுக்கியது கூர்மையாக நிற்கும். விளிம்பின் வரிப்பள்ளங்கள் அந்த இடத்தில் மட்டும் எண்ணிக்கை தப்பும்.

1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவின் ஓட்டை நாணயச்சாலையே போட்டது. அதை ஓட்டை போட்ட காசு என்று யாராவது விலை குறைத்தால் கொடுக்க வேண்டாம்.

என் காசில் எழுத்து சிதைந்திருக்கிறது. அச்சுப் பிழைக் காசா?

காசை அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால் காசில் அது மேடான கோடாக விழும். பிறகு பட்ட அடி பள்ளமாக இருக்கும். பள்ளத்திலிருந்து விலகிய உலோகம் ஓரத்தில் வரம்புபோல ஒதுங்கி நிற்கும். முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் விழுந்த பிழையில், உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி, குழியாக இருக்கும். இருபுறமும் தட்டையாகி அகலமான காசு ரயில் தண்டவாளத்தில் வைத்தது. அதில் பிழை இல்லை, சிறுவயது இருக்கிறது.

மூன்று பைசாவில் வெள்ளைப் பொடி.

அலுமினியம் அரிப்பு, உப்பும் ஈரமும் சேர்ந்த வேலை. குழி விழுந்தால் சரிசெய்ய முடியாது, உலர வையுங்கள்.

1940க்குப் பிறகு வந்த ஜார்ஜ் ரூபாய் சாம்பலும் மஞ்சளுமாக அசிங்கமாக இருக்கிறது. போலியா?

1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். மொத்தத்தில் 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். செம்பு அதிகம் என்பதால் தேய்ந்த இடத்தில் மஞ்சள் அடிக்கும். 1947இல் புலி போட்டு வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழு நிக்கல். காந்தம் இழுக்கும். வெள்ளி என்று சொல்லி யாராவது கொடுத்தால் ஒரு காந்தம் போதும்.

கறுத்த பழைய காசு அரிசியை இழுக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும் என்று ஒருவர் சொன்னார். அனுமார், ராமர் படம் போட்டு 1818 என்று இருக்கிறது.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும், ஏனென்றால் கேட்கிறவர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருப்பார். கிழக்கிந்தியக் கம்பெனி ராமர், அனுமார் போட்ட காசு எதையும் அச்சடிக்கவில்லை. அவை பிற்காலத்தில் கோயில் வாசல்களில் விற்கச் செய்த வில்லைகள். அரிசியை இழுக்கும் உலோகம் எதுவும் கிடையாது. இழுப்பதாகக் காட்டினால் அரிசியில் இரும்புத்தூளும் காசில் காந்தமும் இருக்கின்றன. பழைய காசு விற்றுத் தருகிறோம், கமிஷனும் வரியும் கட்டு என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஒரு பைசா அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்படாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

தோட்டத்தில் குழி தோண்டும்போது மண் ஒட்டிய காசுக் குவியல் கிடைத்தது. கழுவலாமா?

கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள், கிடந்த இடத்தைப் போட்டோ எடுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஒட்டிய மண்ணும், காசு அடுக்கியிருந்த விதமும், உடைந்த பானை ஓடும் சேர்ந்தால்தான் காலத்தைச் சொல்ல முடியும்.

ஏற்காட்டிலும் சேலத்திலும் ஒரே மாதிரி வைத்தால் போதுமா?

போதாது. கீழே வெயில் பகை, மேலே பனிமூட்டம் பகை. சேலத்தில் வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். ஏற்காட்டில் காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி மூன்றும் வேண்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், கீழே துண்டு விரித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் ரேகை அன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து ராணியின் கன்னத்தில் பழுப்பாக வந்து நிற்கும்.

ஏற்கெனவே மெருகு போட்ட காசை என்ன செய்வது?

வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மெருகு வேண்டாம். அமில மிச்சம் போக அலசி, அட்டை உறையில் போட்டு, உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்தப் பெட்டியில் இருந்தது, எந்த வருடம் மெருகு போட்டது. அப்பாவின் 1911 ரூபாய் உறையில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வருட எண்ணை ஒட்டி இப்போது மெல்லிய மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கிறது.